ஓடாத வேன்: ஒரு உள்ளூர் அறக்கட்டளையின் மானியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மானியம் கொடுத்த அறக்கட்டளையும் அதைப் பெற்ற முதியோர் மையமும் சம்மதித்த பிறகே இது எழுதப்படுகிறது. ஆட்களின் பெயரோ அமைப்புகளின் பெயரோ இதில் இல்லை. இரு தரப்புக் கோப்புகளையும் பார்த்து, சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியே பேசி எழுதியிருக்கிறேன். மானியம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும். வாங்குகிறவர்களுக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இருக்காது.

பின்னணி

அறக்கட்டளை நடுத்தர அளவுடையது. உள்ளூர்க் குடும்பங்களும் வியாபாரிகளும் பல ஆண்டுகளாகக் கொடுத்த பணம் மூலநிதியாக இருக்கிறது. அதைத் தொடுவதில்லை, அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் ஆண்டுதோறும் மானியமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அறங்காவலர்கள் 9 பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளத்துக்கு இருப்பவர்கள் இரண்டே பேர்: மானிய அலுவலர் ஒருவர், கணக்காளர் ஒருவர். ஆண்டுக்குச் சுமார் 20 மானியங்கள் போகின்றன. பள்ளி, மருத்துவ உதவி, நூலகம், குளம் தூர்வாருவது என்று எல்லா வகையும் உண்டு.

இங்கே பணம் இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று பொதுநிதி. அறங்காவலர்கள் கூடிப் பேசி எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இன்னொன்று நன்கொடையாளரின் பெயரிலோ அவர் விரும்பியவரின் நினைவாகவோ தனியாக வைத்த நிதி. அதைக் கொடுத்தவர் போட்ட நிபந்தனைப்படிதான் செலவழிக்க முடியும். நமக்கு இங்கே வேண்டியது இந்த இரண்டாவது வகையில் வரும் ஒரு நிதி. ஒருவர் தன் தாயின் நினைவாக வைத்தது. ஒப்பந்தத்தில் இருந்த வாசகம்: “முதியோர் நலனுக்கான நிலையான பொருட்கள் வாங்குவதற்கு மட்டும்.” கட்டில், சக்கர நாற்காலி, கணினி என்று கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சம்பளம், வாடகை என்று கரைந்துபோவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது; நன்கொடை தருகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

முதியோர் மையம் ஒரு பகல்நேர மையம். ஓய்வுபெற்றவர்கள் சிலரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்து இரவல் கூடம் ஒன்றில் நடத்துகிறார்கள். உறுப்பினர்கள் 35 பேர். உடற்பயிற்சி, வாசிப்பு, மதியச் சாப்பாடு, மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பது. பலருக்கு அன்றைக்கு வேறு யாரோடும் பேச வாய்ப்பில்லை என்பதால் சாப்பாட்டைவிடப் பேச்சுதான் முக்கியம் என்று பொறுப்பாளர்கள் சொன்னார்கள். தொலைவில் இருப்பவர்களையும் நடக்க முடியாதவர்களையும் அழைத்துவர வாரம் 3 நாள் வாடகை வண்டி வைத்திருந்தார்கள். அந்த வாடகையை நன்கொடையாளர்கள் ஏழெட்டுப் பேர் மாதாமாதம் சிறு தொகை போட்டுக் கட்டிவந்தார்கள்.

விண்ணப்பம்

வாடகை ஏறியது, சிறு நன்கொடை அதே வேகத்தில் ஏறவில்லை. மையத்தின் பொருளாளர் அறக்கட்டளைக்குப் போய் விசாரித்தார். அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு ஆண்டுக்கு வாடகையில் பாதி. அப்போதிருந்த மானிய அலுவலர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு வழி சொன்னார்: “வாடகைன்னு கேட்டா கஷ்டம் சார். வண்டின்னு கேட்டா கிடைக்கும். அதுக்குன்னே ஒரு நிதி இருக்கு.”

இந்த ஒரு பேச்சில்தான் எல்லாம் திரும்பியது. பொருளாளர் வீட்டுக்குப் போய் வேனுக்கு விண்ணப்பம் எழுதினார். எது தேவையோ அதைக் கேட்காமல் எது கிடைக்குமோ அதைக் கேட்பது மானிய உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம்தான். விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கும் அது தெரியும்.

அந்த விண்ணப்பம் கோப்பில் இருக்கிறது. வேனின் விலைப்பட்டியல் மூன்று கடைகளிலிருந்து இணைத்திருக்கிறார்கள். பயனாளிகள் 35. ‘வாகனத்தை இயக்கும் செலவு எப்படிச் சந்திக்கப்படும்?’ என்ற கேள்விக்கு ஒரே வரி: ‘நன்கொடை மூலம் திரட்டப்படும்.’ யாரிடமிருந்து, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. படிவத்தின் அடியில் இன்னொரு விதி: நிர்வாகச் செலவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. டிரைவர் சம்பளம் நிர்வாகச் செலவா, திட்டச் செலவா என்று படிவத்தில் இல்லை. பொருளாளர் கேட்கத் தயங்கி, நிர்வாகச் செலவு என்று தானே முடிவுசெய்து, வரவுசெலவுத் திட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டார். விதியை மீறியதாக ஆகிவிடக்கூடாது என்ற பயம்.

அறங்காவலர் கூட்டத்தில் இந்த விண்ணப்பத்துக்கு எதிர்ப்பே இல்லை. முழு விலையும் கொடுக்கப்பட்டது. சாவி கொடுக்கும் விழா நடந்தது. வேனின் பக்கவாட்டில் நன்கொடையாளரின் தாயார் பெயரை எழுதினார்கள்.

முதல் ஆண்டு

நான்கு மாதம் வேன் ஒழுங்காக ஓடியது. உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரப் பையன் சம்பளம் வாங்காமல் ஓட்டினான். அப்புறம் அவனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தற்காலிகமாக ஒரு டிரைவரை வைத்தார்கள். இரண்டு மாதச் சம்பளத்தோடு கையிருப்பு தீர்ந்தது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாளும் வந்துவிட்டது. வேனை ஓரமாக நிறுத்தினார்கள்.

சரி, பழையபடி வாடகை வண்டிக்குப் போகலாமே என்றால் அதற்கும் வழியில்லை. மாதாமாதம் பணம் போட்டுவந்தவர்கள் வேன் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். “உங்களுக்குத்தான் சொந்த வண்டி வந்துடுச்சே” என்றார்களாம். அவர்கள் பார்வையில் அது நியாயம்தான். ஆக, மானியம் வருவதற்கு முன் வாரம் 3 நாள் வந்துகொண்டிருந்தவர்கள், மானியம் வந்து ஓராண்டு முடியும்போது ஒரு நாள்கூட வரமுடியவில்லை. பெரிய தொகை ஒன்று உள்ளே வந்து, ஏற்கெனவே இருந்த சிறு வரவுகளைத் தள்ளிவிட்டது. இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஆனால் அறக்கட்டளையின் எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அறக்கட்டளைக்கு வந்த ஆண்டு அறிக்கையில் இவை எதுவும் இல்லை. ‘வேன் நல்ல நிலையில் உள்ளது. பயனாளிகள் 35.’ வாங்கிய ரசீது, பதிவுச் சான்றின் நகல், ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ், எல்லாம் சரியாக இருந்தன. மானியம் பொருள் வாங்கத்தான்; பொருள் வாங்கியாகிவிட்டது. கோப்பை மூடிவிட்டார்கள்.

நேரில் பார்த்தது

இதற்குள் மானிய அலுவலர் மாறியிருந்தார். புதிதாக வந்தவர் ஒரு பெண். நன்கொடையாளர் குடும்பம் தாயாரின் நினைவு நாளுக்கு வேனோடு ஒரு படம் வேண்டும் என்று கேட்டதால்தான் அவர் மையத்துக்குப் போனார். பரிசோதிக்கப் போகவில்லை.

வேன் கூடத்தின் பின்புறம் நின்றது. பின்சக்கரம் ஒன்றில் காற்று இல்லை. முன்கண்ணாடியின் அடியில் சருகு மக்கிக் கறுத்திருந்தது. பேட்டரி செத்துவிட்டதால் கதவைச் சாவியால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. உள்ளே எலி ஒயரைக் கடித்திருந்தது. ஓடிய தூரம் 2,140 கிலோமீட்டர். லாக் புக்கில் கடைசிப் பதிவுக்குப் பிறகு ஏழு மாதம் வெறும் பக்கம். சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

படம் எடுக்காமல் அலுவலர் உள்ளே போய்ப் பொருளாளருடன் உட்கார்ந்தார். பொருளாளர் முதலில் அறக்கட்டளைக்கு அனுப்பிய அறிக்கையின் நகலைத்தான் எடுத்து வைத்தார். “ஐயா, இதை நான் படிச்சாச்சு. நீங்க உங்களுக்குன்னு எழுதி வச்சிருப்பீங்களே, அதைப் பார்க்கலாமா?” என்று அலுவலர் கேட்டிருக்கிறார். பொருளாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாதமும் என்ன வரவு, என்ன கடன், யார் நன்கொடையை நிறுத்தினார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் மையத்துக்கு வருவதை நிறுத்திய 11 பேரின் பட்டியல். பெயருக்கு நேரே காரணமும் எழுதியிருந்தார்: ‘நடக்க முடியவில்லை’, ‘மகன் கொண்டுவந்து விட நேரமில்லை’, ‘கேட்கக் கூச்சப்படுகிறார்’.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அலுவலரின் குறிப்பில் அப்படியே இருக்கிறது: “சொன்னா வண்டியை எடுத்துக்குவீங்க மேடம். அடுத்த தடவை எதுவும் தரமாட்டீங்க.” மானிய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து உண்மையிலேயே இருந்தது. வாங்கிய பொருள் உரிய நோக்கத்துக்குப் பயன்படாவிட்டால் அறக்கட்டளை அதைத் திரும்பப் பெறலாம்.

அன்றே இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். டிரைவர் சம்பளம், எரிபொருள், இன்சூரன்ஸ், டயர், பழுதுபார்ப்பு. ஐந்து ஆண்டுக்குக் கூட்டினால் வேனின் விலையைவிட அதிகம் வந்தது. இதைவிடப் பழைய வாடகை ஏற்பாடு மலிவு என்பதும் தெரிந்தது.

அறங்காவலர்கள் முன் வந்த வழிகள்

அலுவலர் கூட்டத்துக்கு எழுதிய குறிப்பு இரண்டே பக்கம். மூன்று வழிகளைச் சொன்னார். வேனைத் திரும்ப வாங்கி, இயக்க வசதியுள்ள வேறு அமைப்புக்குக் கொடுப்பது. வேனை விற்று அந்தப் பணத்தில் சில ஆண்டுக்கு வாடகை கட்டுவது. இல்லையென்றால் பொதுநிதியிலிருந்து இயக்கும் செலவைக் கொடுப்பது.

கணக்கைப் பார்த்தால் இரண்டாவதுதான் மையத்துக்கு நல்லது. ஆனால் நிதியின் நிபந்தனை குறுக்கே நின்றது. ‘நிலையான பொருட்கள்’ வாங்கக் கொடுத்த பணத்தை வாடகையாக மாற்ற அறங்காவலர்களுக்கு அதிகாரம் இல்லை. நிபந்தனையை மாற்றுவது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அறங்காவலர்களில் வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். இது பழைய சிக்கல்தான் என்று அவர் எடுத்துச் சொன்னார். 1790இல் இறந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்குத் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்தார். தொழில் பழகி முடித்த இளம் கைவினைஞர்களுக்கு அதிலிருந்து கடன் கொடுக்க வேண்டும், 200 ஆண்டு அது நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நாளடைவில் ஒரு ஆசானிடம் இருந்து தொழில் பழகும் முறையே தேய்ந்தது. பணம் இருந்தது, நிபந்தனைக்குப் பொருந்தி வாங்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். இந்த மாதிரி இறந்தவர்களின் நிபந்தனை உயிரோடிருப்பவர்களின் தேவையைக் கட்டிப்போடக்கூடாது என்ற எண்ணத்தில்தான் பிரெடரிக் காஃப் என்ற வழக்கறிஞர்-வங்கியாளர் 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஊருக்கான அறக்கட்டளையை உருவாக்கினார். பலரின் நன்கொடையைச் சேர்த்து ஒரு ஊரின் நலனுக்குச் செலவழிக்கும் ‘சமூக அறக்கட்டளை’களில் உலகின் முதலாவது என்று சொல்லப்படுவது அதுதான். காலம் மாறி நிபந்தனை பயனற்றுப்போனால் அதை மாற்றும் அதிகாரம் அங்கே நிர்வாகக் குழுவுக்குத் தரப்பட்டது. “நாம அந்த ஷரத்தைப் போடாம விட்டுட்டோம். ஆனா நமக்கு ஒரு வசதி, கொடுத்தவர் உயிரோட இருக்கார். போய்க் கேட்டுடலாம்” என்று முடித்தார்.

கேட்பதற்கும் கூட்டத்தில் தயக்கம் இருந்தது. வேன் ஓடவில்லை என்று தெரிந்தால் அவர் கோபித்துக்கொண்டு மீதி நன்கொடையையும் நிறுத்திவிடுவார் என்று இருவர் சொன்னார்கள். பொருளாளர் அறக்கட்டளையிடம் மறைத்த காரணமும் அறங்காவலர்கள் நன்கொடையாளரிடம் மறைக்க நினைத்த காரணமும் ஒன்றேதான் என்று அலுவலர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றது.

முடிவும் காரணமும்

அலுவலரும் வழக்கறிஞரும் நன்கொடையாளரைப் பார்த்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை; வருத்தப்பட்டார். விற்பதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. “வண்டியில அம்மா பேரு இருக்கு, அதை விக்க வேண்டாம். ஆனா ஓடாம நிக்கிற வண்டியிலயும் அந்தப் பேரு இருக்கக்கூடாது” என்றார்.

மூன்று வழியிலும் இல்லாத நாலாவது வழி இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் வந்தது. அதே அறக்கட்டளையிடம் மானியம் பெறும் இன்னொரு அமைப்பு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பயிற்சிப் பள்ளி, காலையிலும் மாலையிலும் வண்டி வாடகை கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கோப்புகளும் ஒரே அலமாரியில் இருந்தும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. காலை, மாலை பள்ளிக்கு. இடைப்பட்ட நேரம் மையத்துக்கு. டிரைவர் சம்பளத்தில் பாதியைப் பள்ளி ஏற்றுக்கொண்டது. மீதி இயக்கும் செலவைப் பொதுநிதியிலிருந்து முதல் ஆண்டு முழுதாகவும் இரண்டாம் ஆண்டு பாதியாகவும் கொடுப்பது என்று முடிவானது.

இருவர் எதிர்த்து வாக்களித்தார்கள். இவர்களுக்கு நடைமுறைச் செலவு கொடுத்தால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்பது அவர்கள் வாதம். அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு உண்மையிலேயே எல்லாரும் கேட்டார்கள்.

மையத்தின் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. காரணத்தைத் தீர்மானத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள்: அறிக்கையில் கேட்ட கேள்விகளுக்கு மையம் உண்மையாகவே பதில் சொன்னது, வேன் ஓடுகிறதா என்று படிவம் கேட்கவில்லை. இந்த முடிவு சரி என்றாலும் அந்த வாசகம் கொஞ்சம் தாராளம். பயனாளிகள் 35 என்று எழுதியது உண்மையல்ல.

அதற்குப் பின் நடந்தது

பழுது நீக்கி, இன்சூரன்ஸ் கட்டி வேனை எழுப்பவே சில வாரம் ஆனது. வேறு அமைப்பின் குழந்தைகளை ஏற்றிப்போக இன்சூரன்ஸிலும் அனுமதியிலும் திருத்தம் வேண்டியிருந்தது; அதற்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் டிரைவருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. இதை யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

பங்கு போட்டுக்கொள்வது எளிதாக இல்லை. பள்ளி தாமதமாக விட்டால் முதியவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறை மாதங்களில் டிரைவரின் பாதிச் சம்பளத்தை யார் கொடுப்பது என்று ஒரு சண்டை. வேனில் யார் குப்பை போட்டது என்று ஒரு சண்டை. இரு தரப்பிலும் ஒவ்வொருவர் டிரைவரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து அடுத்த வார நேரத்தை எழுதிக்கொள்ள ஆரம்பித்த பிறகு ஓரளவு அடங்கியது. அந்தப் பேச்சை முறையாக நடக்கவைத்தது டிரைவர்தான் என்று இரு தரப்பும் சொன்னார்கள்.

வருவதை நிறுத்தியிருந்த 11 பேரில் 6 பேர் திரும்ப வந்தார்கள். இடையில் 2 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 3 பேருக்கு வெளியே வரும் பழக்கமே விட்டுப்போயிற்று. வண்டி வாசலுக்கு வந்தும் ஏறவில்லை. பழைய சிறு நன்கொடையாளர்களில் பாதிப் பேரைத்தான் திரும்பப் பிடிக்க முடிந்தது. பொருளாளர் அந்த ஆண்டோடு பொறுப்பை விட்டார். உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு ஆண்டு முடிந்தபோது மையம் தன் பங்குச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைத் தானே திரட்டியது. அறக்கட்டளை குறைந்த தொகையில் மூன்றாம் ஆண்டும் நீட்டித்தது.

அறக்கட்டளை மாற்றியதும் மாற்றாததும்

படிவம் மாறியது. பொருள் கேட்கிறவர்கள் அதை ஐந்து ஆண்டு நடத்த ஆகும் செலவையும், அது எங்கிருந்து வரும் என்பதையும் இப்போது எழுத வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் விண்ணப்பத்தை நிராகரிப்பதில்லை. அலுவலர் நேரில் போய்ப் பேசுகிறார். புதிதாக வைக்கும் நிதிகளின் ஒப்பந்தத்தில் நிபந்தனையை மாற்றும் ஷரத்து சேர்ந்திருக்கிறது. பழைய நிதிகளுக்கு அது இல்லை. கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நிர்வாகச் செலவு வரம்பு பற்றித்தான் நிறைய வாக்குவாதம். வரம்புகள் எங்குமே ஒரே மாதிரி இல்லை. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு 2020இல் அந்த வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தார்கள். அமெரிக்க மத்திய அரசு மானியங்களிலோ, தனியாகப் பேசி விகிதம் நிர்ணயிக்காத அமைப்புகள் எடுத்துக்கொள்ளக்கூடிய மறைமுகச் செலவை (அலுவலகம், கணக்கு போன்ற பொதுச் செலவை) 2024 அக்டோபர் முதல் 10 விழுக்காட்டிலிருந்து 15ஆக உயர்த்தினார்கள். இந்த அறக்கட்டளை எண்ணைத் தொடவில்லை. சேவையை நேரடியாக நடத்தும் டிரைவர், சமையல்காரர், பயிற்சியாளர் சம்பளமெல்லாம் திட்டச் செலவுதான் என்று எழுதிவைத்தார்கள். எண்ணைக் கூட்டியிருந்தாலும் பொருளாளரின் பயம் போயிருக்காது; எது எந்தக் கணக்கில் வரும் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. அதனால் இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து.

திரும்பப் பெறும் ஷரத்து அப்படியே இருக்கிறது. ‘சிக்கலை முன்கூட்டியே தெரிவித்தால் இது பயன்படுத்தப்படாது’ என்று ஒரு வரி சேர்க்க அலுவலர் கேட்டார். ஆடிட்டர் ஆலோசனைக்கு அனுப்பி அது அங்கேயே கிடக்கிறது. அந்த வரி இல்லாமல் மற்ற மாற்றங்கள் பாதிதான் பலன் தரும். ஆண்டு அறிக்கைக்குப் பதில் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசலாம் என்று வைத்தாலும் தண்டனை வரும் என்ற பயம் இருக்கும்வரை மனிதர்கள் நோட்டை வெளியே எடுக்க மாட்டார்கள்.

செய்யாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே சிறு நன்கொடையில் நடக்கும் ஓர் ஏற்பாட்டுக்குப் பெரிய மானியம் தரும்போது, அந்தச் சிறு நன்கொடையாளர்களிடம் யார், என்ன சொல்வது என்று அறக்கட்டளை இன்னும் யோசிக்கவில்லை. சாவி கொடுக்கும் விழாவுக்கே அவர்களையும் அழைத்து, வண்டி வந்தாலும் ஓட்டுவதற்கு உங்கள் பணம் வேண்டும் என்று சொல்லியிருந்தால், ஏழெட்டுப் பேரில் சிலராவது நின்றிருப்பார்கள் என்று மையத்தின் புதிய பொருளாளர் சொல்கிறார்.

வேன் இப்போது ஆறாவது ஆண்டில் ஓடுகிறது. பழுதுச் செலவு ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வண்டிக்கென்று மையமோ பள்ளியோ அறக்கட்டளையோ இதுவரை எதுவும் ஒதுக்கவில்லை. அடுத்த அறங்காவலர் கூட்டத்தின் பொருள்நிரலில் அது எட்டாவதாக இருக்கிறது.